கடலில் ஒரு வெறும் நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த நோர்வே கப்பல் பயணக் கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் இறங்கிய ஊர்களைப் பற்றியெல்லாம் நன்றாகச் சொல்லிவிட்டு, எங்கும் நிற்காமல் கப்பல் ஓடிக்கொண்டேயிருந்த நாளை மட்டும் காசுக்கு நட்டம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஜூலைத் தொடக்கத்தில், லண்டனிலிருக்கும் மகள் கூட்டிப்போய் நானும் அந்தப் பக்கம் போய்வந்தவள்.

சவுத்தாம்ப்டனில் ஏறியதுமே 'மஸ்டர்' என்றார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்று காட்டும் ஒத்திகை, அதிலிருந்து ஒருத்தரும் தப்ப முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க அம்மா விடிய எழும்பி ஓடின பெரட்டுக்கும் துரைமார் சொன்ன இங்கிலீஷ் அதே மஸ்டர்தானே! ஆனால் இங்கே ஒரு தரம் பதிந்துவிட்டால் சரி, அப்புறம் யாரும் உங்களைத் தேடுவதில்லை.

ஓலெசுண்டிலிருந்து ட்ரொம்சோவுக்குப் போகிற வழியில்தான் அந்த நாள் வந்தது. முதல்நாள் இரவே மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சடித்த தாள் அறைக்கு வந்துவிடும்: நடன வகுப்பு, வினாவிடை, பிங்கோ. மகள் நாலைந்துக்குக் கோடு போட்டாள், நான் ஒன்றுக்கும் போகவில்லை. மேல்தட்டில் ஒரு சாய்வுநாற்காலி, காலுக்குக் கம்பளி, கையில் தேத்தண்ணி. (அந்தத் தேத்தண்ணியைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. பையின் நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் டஸ்ட் என்கிற பொடித் தூள்தான், இரண்டு பை போட்ட பிறகுதான் நிறமே வந்தது.) குளிர் நுவரெலியா மார்கழி மாதிரி, காற்றுத்தான் வேறு, அது காதுக்குள் புகுந்து குடைகிறது. 18 நொட் வேகமாம், மணிக்கு 33 கிலோமீற்றர். நானுஓயா மலையேற்றத்தில் ரயில் கோச்சி போகிறதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தூரத்தில் பனி ஒட்டிய மலைகள் நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்தே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. இடையில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று சங்கு ஊதி அறிவித்து, விருப்பப்பட்டவர்களின் சட்டைக்குள் ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டார்கள். நான் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

கட்டுரையாளர் கேட்கலாம், இதிலென்ன இருக்கிறது என்று. அம்மா கொழுந்து எடுத்தவர். வெறும் நாள் என்றால் அவருக்குப் பேர் விழாத நாள், அந்த நாள் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையென்றால் விறகும் உடுப்புத் துவைப்பும். கடலைப் பற்றியும் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் நல்ல பேச்சு கிடையாது. தோட்டத்துச் சனத்தில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் மாமா குடும்பத்துக்கு இந்தியா என்று விழுந்து, நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே பாட்டி முந்தானையைத் தேடுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான் யாரையும் வழியனுப்பாமல், யாரிடமும் பேர் வாங்காமல், ஒரு முழுப் பகலும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் என்றால் சும்மா பகலில்லை, இரவு பதினொன்றரைக்கும் வெயில் கண்ணில் அடித்தது. நாற்காலிகளை மடிக்க வந்த பையன் "இன்னும் தூங்கப் போகவில்லையா மேடம்" என்று கேட்டபிறகுதான் மணியே பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டு அறையாகப் பார்த்து எடுங்கள், ஆட்டம் குறைவு. வாந்தி வராமலிருக்க ஹட்டன் பஸ்ஸுக்குக் கொண்டுபோகிற தேசிக்காய் அங்கேயும் உதவுகிறது. சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கடைசிப் பில்லில் சேர்ப்பார்கள், முதலிலேயே கேட்டுவையுங்கள். லண்டன் விசா மட்டும் போதாது, நோர்வேக்கு ஷெங்கன் விசாவும் வேண்டும்.

கட்டுரையாளர் மறுபடி போனால் வலப்பக்கத் தட்டில் நாற்காலி பிடிக்கட்டும். வடக்கே போகும்போது கரை அந்தப் பக்கம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை