படைப்பு வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

நம் முன்னோருக்குப் படையலிடும் பொது வீடான படைப்பு வீட்டின் பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

புள்ளி வரியும் (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற பங்கு) நன்கொடையும் தந்து நீங்கள் ஒப்படைத்த வேலை முடிந்தது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. ஏன் இவ்வளவு நாள் இழுத்தது என்று பலரும் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறோம்.

முன்பு பழுது பார்த்தபோது வளவுச் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) சுவருக்குச் சிமெண்ட் பூசிவிட்டோம். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லை மாவாக்கியிருந்தது. கொத்திப் பார்த்த அன்று எங்களுக்கு மனசே ஆறவில்லை. முழுவதையும் உரித்து, சுவரைக் காயவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து பூசினோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும். அதை அவசரப்படுத்த முடியாது, நாள் இழுத்தது அதனால்தான். படைப்பு வீட்டுக்கு முட்டை வேண்டாமென்று பெரியவர்கள் சொன்னதால் மேல்பூச்சில் வெள்ளைக்கரு சேர்க்கவில்லை. மினுமினுப்பு கொஞ்சம் குறைவுதான்.

இரண்டாங்கட்டின் தகரக் கூரையைக் கழற்றி நாட்டு ஓடு வேய்ந்தாயிற்று. பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய உயர்ந்த திண்ணை) பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், வெக்கையில் வித்தியாசம் தெரியும். மாடித் தளத்தின் தட்டை ஓடுகளுக்கு மூட்டு அடைத்து வெள்ளையடித்தோம்.

ஏசி பற்றித்தான் அதிகம் பேசினோம். முற்றம் திறந்த வீட்டில் வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக இறக்குவதிலேயே மின்சாரம் கரையும். ஏர்கூலர் வாங்கலாம் என்றார்கள் சிலர். 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால், கூலரின் ஈரத்திரை வழியே வரும் காற்று 27 டிகிரிக்குப் பக்கத்தில்கூட இறங்கலாம். ஐப்பசியில் 30 டிகிரி, 85 விழுக்காடு என்றால் இரண்டு டிகிரி குறைவதே பெரிது, சுவரும் நனையும். அதனால் வளவில் மின்விசிறிதான். புழுக்கத்தில் வேர்வையை ஆற்றுவது காற்றோட்டம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேரில் இருப்பதும் அதற்குத்தான். வயதானவர்கள் படுக்க ஓர் அறையை மட்டும் அடைத்து ஏசி வைத்திருக்கிறோம்.

ஆத்தங்குடிக் கல் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். கல்லின் நிறம் போய்விடும். சுவருக்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கவும் யாரும் ஏற்பாடு செய்ய வேண்டாம், ஈரம் மறுபடி அடைபடும்.

கிணற்றடிச் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலம் கழிந்து காய்ந்த பிறகே அதற்கு மேல்பூச்சு.

திருப்பணிக் குழுவினர்