ஓடுபாதை வந்தது, விமானம் போனது

ஆசிரியருக்கு வணக்கம். விமான நிறுவனங்கள் இணைந்தால் பயணிகளுக்கு லாபம் என்கிறார்கள். சரி, ஊர்களுக்கு? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் முக்கிய மையமாக இருந்தது. 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. சிகாகோ, டல்லாஸ் என்று இரண்டு மையங்கள் ஏற்கெனவே கையில் இருக்க, நடுவில் இன்னொன்று எதற்கு? 2003 நவம்பரில் செயின்ட் லூயிஸ் சேவைகளைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், விமான நிலைய நெரிசலைக் குறைக்கவென்று பக்கத்து ஊரான பிரிட்ஜ்டனில் சுமார் 2,000 வீடுகளை இடித்து, 100 கோடி டாலருக்கு மேல் கொட்டிப் போட்ட புது ஓடுபாதை திறந்தது 2006-ல்! 2008-ல் டெல்டாவும் நார்த்வெஸ்டும் இணைந்த பிறகு, நார்த்வெஸ்டின் மையமாக இருந்த மெம்பிஸ் நகரின் கதையும் இப்படித்தான் ஆனது. இணைப்புக்கு அனுமதி தரும் அரசுகள் டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஊருக்கு எத்தனை ஆண்டு சேவை தொடரும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

- வாசகர், திருச்சி