ஐப்பசிக் காய்ப்பை விட்டுவிடு, மாப்ளே

பெரம்பூர், சென்னை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகன் வேலையை விட்டுவிட்டு தேனிப் பக்கம் கம்பம் ஊருக்கே வந்துவிட்டான், பன்னீர் திராட்சையில் ஒயின் போடப் போகிறான், அதுவும் மண்ணைக் கெடுக்காமல் என்று எழுதியிருக்கிறாய். "இவனுக்குப் பைத்தியமா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். இல்லை. ஆனால் ஒயினை விட்டுவிட்டு முதலில் கொடி படர்கிற பந்தலைப் பற்றிப் பேசச் சொல்.

ரகத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்களே, அந்தக் கொடிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். சீனாவில் தியான்ஜின் பக்கம் இதே பழத்தில் வெள்ளை ஒயின் எடுக்கிறார்கள். எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் போடுவதும் கோயம்பேட்டில் வாங்கிய உங்கள் ஊர்ப் பழம்தான். வாசனைக்கு அடித்துக்கொள்ள ஆளில்லை.

சிக்கல் வேறு இடத்தில். பிரான்சில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடிக்கு உறக்கமே கிடையாது; கிளையை வெட்டிக் கவாத்து பண்ணினால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். அடிச்சாம்பல் என்கிற பூஞ்சை நோய்க்கும் இளந்துளிர் ஓயாமல் கிடைக்கிறது. ஐப்பசி மழையில் அது எப்படிப் பரவும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மருந்துக்கடைப் பாக்கியே சொல்லும்.

"இயற்கை முறையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிக்கலாமே" என்கிறானாம். அடிக்கலாம். 1880-களில் போர்டோ பக்கம் இந்த நோய்க்கென்றே கண்டுபிடித்த கலவைதான் அது. ஆனால் மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் மக்கிப் போகாது. மண்ணிலேயே தங்கும், மண்புழுவுக்கும் ஆகாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு 7 வருஷத்தில் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இயற்கை என்று எழுதி ஒட்டிவிட்டால் மட்டும் மண் பிழைக்காது.

ஆகவே என் யோசனை இதுதான்: ஒயினுக்கென்று ஒரு பந்தலை ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் பழுக்கிற காய்ப்பை அதில் விட்டுவிடுங்கள். கவாத்தைத் தள்ளிப்போட்டு, கோடையில் பழுக்கிற மாதிரி கணக்குப் பண்ணுங்கள். வெயிலில் பழுத்தால் சர்க்கரை ஏறும், பழம் வெடிக்காது, மருந்தும் குறையும். இடைப்பட்ட மாதங்களில் பந்தலடியில் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடலாம். ஒரு அறுவடை வருமானம் போகும்தான். அதைத் தாங்க முடியுமா என்று வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். தங்கச்சியை விட்டுவிட்டு முடிவெடுக்காதே, உங்கள் வீட்டுக் கணக்கு அவள் கையில்தான் இருக்கிறது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. பிழிந்த சக்கையைச் சாணத்தோடு மக்கவைத்துத் திருப்பி மண்ணுக்கே போடுங்கள். பழத்தை விடியற்காலையில் பறித்தால் குளிரூட்டும் கரண்ட் செலவு மிச்சம், ஏனென்றால் நொதிக்கும்போது சூடு தானாகவே ஏறும். அப்புறம் பாட்டில். கனமான பாட்டில்தான் கௌரவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒயினின் கார்பன் கணக்கில் கண்ணாடிக்குப் பெரிய பங்கு உண்டு. நீலகிரியில் 2022-லிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறது. அந்த மாதிரி திரும்பி வரும் பாட்டில்களைக் கழுவி நிரப்ப வழியுண்டா என்று விசாரிக்கச் சொல். உரிமம் வாங்குவதும், டாஸ்மாக் அலமாரியில் இடம் பிடிப்பதும்தான் உண்மையான தலைவலி. அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுகிறது. பேத்தி ஒன்றாம் வகுப்பு போகிறாள்; திராட்சை மரத்தில் காய்க்கும் என்று அடம்பிடிக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு சித்திரையில் வரலாமென்று இருக்கிறேன். சென்ட்ரலிலிருந்து போடிக்கு ரயில் விட்டதிலிருந்து பஸ்ஸில் முதுகு ஒடிய வேண்டியதில்லை. எந்த வாரம் பறிப்பு என்று மட்டும் முன்னாடியே எழுது, டிக்கெட் போடவேண்டும்.

அன்புடன்,
பாஸ்கர்