பஸ் ஜன்னலால் நீட்டிய துண்டுக் கடதாசி

நியூயோர்க்
2025 நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டதா? போன ஞாயிற்றுக்கிழமை, "கோயிலுக்குப் போகிற பிள்ளை, தேவாலயத்துக்காரரோடு சேர்ந்து ஏன் நீதிமன்றத்தில் போய் நிற்கிறாய்? உனக்கேதும் வந்தால்?" என்று கேட்டீர்கள். தொலைபேசியில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனைத் தேவாலயத்தில் கூடுகிறோம். யூதப் பாட்டி ஒருவர், தொழுகையை முடித்துவிட்டு வரும் வங்காளதேசத்து டாக்சிக்காரர், இரண்டு கன்னியாஸ்திரிகள், நான். குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது எங்கள் குழுவின் கட்டுப்பாடு. ஆகவே பயப்படாதீர்கள். மற்றவர்கள் சமைக்கிறார்கள், வெளியே வரப் பயந்த வீடுகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறார்கள்.

இங்கே குடிவரவு வழக்குகளுக்கு அரசாங்கம் சட்டத்தரணி அமர்த்தித் தராது. தவணைக்கு வராவிட்டால் ஆளில்லாமலே நாடுகடத்தும் உத்தரவு. வந்தாலோ, இந்த வருடம் மே மாதத்திலிருந்து குடிவரவு அதிகாரிகள் நீதிமன்ற நடையிலேயே காத்து நின்று பிடிக்கிறார்கள். வந்தாலும் பிடி, வராவிட்டாலும் பிடி. அந்த நடையில்தான் நாங்கள் நிற்கிறோம்.

தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. பெயர், பிறந்த திகதி, பிறந்த நாடு, 'ஏ' என்ற எழுத்தோடு வரும் ஒன்பது இலக்கக் கோப்பு எண், வீட்டில் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பவற்றை உள்ளே போகுமுன் எழுதி வாங்குகிறோம். அந்த எண் இருந்தால் எந்தத் தடுப்பு நிலையத்தில் ஆள் இருக்கிறார் என்று இணையத்தில் தேடலாம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரெழுத்துப் பிழைத்தாலும் கிடைக்காது.

போன மாதம் எக்குவடோர் நாட்டுக்காரர் ஒருவர் நீதிபதியிடம் அடுத்த தவணை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். முகமூடி அணிந்த நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவி மகளின் பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றா. அந்தப் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் அதை மூடிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டா. நான் சட்டத்தரணிக்கு ஒன்பது இலக்கங்களையும் இரண்டு முறை வாசித்தேன்.

இது இன்றைக்குத் தொடங்கிய வேலை அல்ல. 1982இல் அரிசோனாவின் டூசன் நகரத்துத் தேவாலயம் ஒன்று எல் சல்வடோர், குவாத்தமாலாப் போர்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு வெளிப்படையாகவே கதவைத் திறந்தது. நூற்றுக்கணக்கான வழிபாட்டிடங்கள் அதன் பின்னால் வந்தன. போதகர் உட்பட எட்டுப் பேரை 1986இல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது. வழிபாட்டிடங்களுக்குள் பொதுவாகக் கைது செய்வதில்லை என்றிருந்த விதியையும் இந்த ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். ஜூன் 20, உலக அகதிகள் தினத்தன்று, சான் டியேகோ ஆயர் மைக்கேல் பாம் வேறு மதத் தலைவர்களோடு குடிவரவு நீதிமன்றத்துக்குப் போய் அகதிகளின் பக்கத்தில் நின்றார். அவரே சிறுவயதில் வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர்.

ஆனால் எனக்கு இதைக் காட்டித் தந்தது அவர்கள் இல்லை, அம்மா. 2007 ஜூன் 7, கொழும்பு வெள்ளவத்தை. எனக்குப் பதினேழு வயது. விடியுமுன் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த லொட்ஜிலிருந்து பொலிஸார் தமிழ் ஆட்களை இறக்கி, கொழும்பை விட்டு அனுப்ப பஸ்ஸில் ஏற்றினார்கள். கொழும்பு முழுவதுமாக 376 தமிழர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுக்கும்வரை அது சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஜன்னலால் ஓர் அக்கா துண்டுக் கடதாசி நீட்டினா. அப்பா "உள்ளே வா" என்று கூப்பிடக் கூப்பிட, நீங்கள் போய் வாங்கினீர்கள். திருகோணமலை எண். பின்னேரம் வரைக்கும் சுழற்றிச் சுழற்றி, கடைசியில் அவவின் தம்பி எடுத்தபோது, "அக்கா வவுனியாப் பக்கம் வருகிறா, உயிரோடு இருக்கிறா" என்றீர்கள். பிறகு அடுப்படியில் போய் அழுதீர்கள்.

வருகிற செவ்வாய் வன்னியிலிருந்து வந்த ஒரு தம்பிக்குத் தவணை. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான். அவனுடைய தாயாரின் ஊரில் தொலைபேசி ஒழுங்காக எடுபடாது, வெளிநாட்டு எண்ணைக் கண்டால் அவவுக்குப் பயம். அதனால் அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் உங்கள் எண்ணை எழுதியிருக்கிறேன். கேட்காமல் எழுதியதற்குக் கோபிக்காதீர்கள். அன்றிரவு, எத்தனை மணியானாலும், தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்திருங்கள்.

அன்பு மகள்