ஆலய வளாக வைஃபைத் திருப்பணி: அங்கத்தவர்களுக்கான நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

கடந்த பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, ஹட்டனிலுள்ள நமது ஆலய வளாகத்தில் காரியாலய ஊழியர், யாத்திரிகர் மடத்தில் தங்குவோர், வாசிகசாலைக்கு வரும் பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் தனித்தனி வைஃபை வலையமைப்புகளை நிறுவும் பணி நிறைவுற்றதை அறியத் தருகிறோம்.

இதுவரை வளாகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்தான் இருந்தது. உண்டுவப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் மடத்தில் தங்கும் காலத்தில் அது ஊரறிந்ததாகிவிடும். அர்ச்சனைச் சீட்டு வழங்கும் கணினி, நன்கொடையாளர் பதிவேடு, உண்டியல் அறைக் கமரா ஆகிய அனைத்தும் அதே வலையமைப்பில்தான் இணைந்திருந்தன. வேகம் போதவில்லை என்பதே பலரது முறைப்பாடு. சபையின் கவலையோ வேறு. நன்கொடையாளரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் நம்மிடம் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ள நாட்டில் அவற்றை அசட்டையாக வைத்திருக்க இயலாது.

மூன்று இணைய இணைப்புகளை வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்டனர். அதற்குத் தேவை எழவில்லை. வீலான் எனப்படும் முறையில், ஒவ்வொரு தரவுப் பொதியிலும் அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதற்கான இலக்கம் இடப்படுகிறது. வலையமைப்புகளுக்கிடையே காவலாக நிற்கும் ஃபயர்வோல் அந்த இலக்கத்தைப் பார்த்து, மடத்திலிருந்தும் வாசிகசாலையிலிருந்தும் வருவனவற்றை இணையத்துக்கு மட்டும் விட்டு, காரியாலயக் கணினிகளின் பக்கம் செல்லவிடாமல் தடுக்கிறது. ஆகவே மாதக் கட்டணம் ஒன்றே.

வாசிகசாலையின் கடவுச்சொல் சுவரிலேயே ஒட்டப்பட்டிருப்பதால் அதைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. அங்கே ஒருவரது கைத்தொலைபேசி இன்னொருவருடையதை அணுகாதவாறு கருவிகள் தனிமைப்படுத்தப்பட்டுள்ளன. ஒருவர் படம் பதிவிறக்குவதால் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பாதிக்கப்படாதவாறு, ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பும் உண்டு.

கல்யாண மண்டபத்துக்கும் திருவிழா உபயகாரருக்கும் தனி வலையமைப்புப் பெயர் வேண்டுமென்ற கோரிக்கைகளைக் குழு ஏற்கவில்லை. ஒவ்வொரு வலையமைப்புப் பெயரும், எவரும் பயன்படுத்தாத வேளையிலும், வினாடிக்கு ஏறத்தாழ 10 தடவை தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும். பெயர்கள் கூடக்கூட எல்லோருக்கும் உரிய அலைவரிசை நேரமே வீணாகும். மூன்று போதும்.

கட்டட வேலையில் கருங்கல் சுவர்களே பெரும் இடைஞ்சலாயின. வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை அவற்றை ஊடுருவத் திணறுவதால், வைஃபை அலையைப் பரப்பும் ஒரே பெரிய பெட்டியை நம்பாமல் பல சிறு பெட்டிகள் பொருத்தப்பட்டன, வைஃபையின் மற்றோர் அலையான 2.4 கிகாஹேர்ட்ஸில் அவை ஒன்றோடொன்று மோதாதிருக்க 1, 6, 11 ஆகிய அலைவரிசைகள் மாறிமாறி ஒதுக்கப்பட்டன. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே இடி மின்னல் எப்படியிருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். ஆதலால் கட்டடங்களுக்கிடையே செப்புக் கம்பி தவிர்க்கப்பட்டு, மின்சாரத்தைக் கடத்தாத ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுக்கப்பட்டது. மடத்தின் தாழ்வாரத்தில் கேபிள் பெட்டிக்குள் நுழையுமிடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்குவதைக் காண்பீர்கள். அது வேலையில் விடப்பட்ட குறையல்ல; கேபிள் வழியே இறங்கும் மழைநீர் உள்ளே போகாமல் அவ்வளைவிலேயே சொட்டிவிடுவதற்காக அப்படி விடப்பட்டது. தயவுசெய்து யாரும் அதை இழுத்துக் கட்ட வேண்டாம்.

மூலஸ்தானத்திலும் அர்த்த மண்டபத்திலும் பெட்டி எதுவும் பொருத்தப்படவில்லை. குருக்கள் ஐயாவின் விருப்பமும் குழுவின் விருப்பமும் அதுவே.

ஊழியர் வலையமைப்பின் கடவுச்சொல் செயலாளரின் பொறுப்பில் இருக்கும். எவரேனும் பணியிலிருந்து விலகினால் அன்றே மாற்றப்படும். மின்வெட்டின்போது பற்றரி காரியாலயத்துக்கு மட்டுமே ஈடுகொடுக்கும். மடத்துக்கும் வாசிகசாலைக்கும் பற்றரி வாங்குவது அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும். பற்றுச்சீட்டுகளையும் செலவுக் கணக்கையும் அங்கத்தவர்கள் காரியாலய நேரத்தில் பொருளாளரிடம் பார்வையிடலாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்