உறைநிலம் இளகினால் விளைநிலம் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவி வெப்பமடைவதால் சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் உறைந்து கிடக்கும் நிலங்கள் இளகி, அங்கே புதிய விளைநிலங்களும் குடியிருப்புகளும் பெருகும் என்னும் கருத்தில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வெப்பநிலையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நியாயமான எதிர்பார்ப்பே. மண்ணை வைத்துப் பார்த்தால் அப்படியன்று.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நிலத்தையே நிரந்தர உறைநிலம் என்கிறோம். அதற்கு மேலுள்ள மெல்லிய அடுக்கு மட்டும் கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறைகிறது. அடியில் இருப்பது பாறையோ, பனிக்கட்டி அதிகமில்லாத சரளையோ என்றால் உருகினாலும் பெரிய சேதமில்லை. நுண்ணிய வண்டலோ, உறையும்போது சுற்றியுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துப் பனிக்கட்டிப் பாளங்களாகச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. சில இடங்களில் மண்ணைவிடப் பனிக்கட்டியே மிகுதி. அது உருகும்போது நிலம் சீராகத் தாழ்வதில்லை. வீட்டின் ஒரு மூலை இறங்க, மறு மூலை அப்படியே நிற்கும். கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும், சுவர் விரிசல் விடும்.

இந்த உருகலுக்குப் புவி வெப்பமடைதல்கூடத் தேவையில்லை. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அருகே 1946இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தொடங்கிய சோதனையில், ஒரு துண்டு நிலத்தைக் காடாகவே விட்டார்கள். இன்னொன்றில் மரங்களை மட்டும் வெட்டினார்கள். மூன்றாவதில் பாசியையும் வேரையும் சேர்த்துச் சுரண்டி எடுத்தார்கள். காட்டின் அடியில் உறைநிலம் நிலைத்திருக்க, பாசி நீக்கப்பட்ட துண்டில் 26 ஆண்டுகளில் உறைநிலத்தின் மேல்மட்டம் 6.7 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. காய்கறித் தோட்டம் போட விரும்புகிறவர் முதலில் செய்வதும் இதே வேலைதான் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே பகுதியில் காடு திருத்திய வயல்கள் சில, அடியிலிருந்த பனிக்கட்டி உருகியதால் மேடும் பள்ளமுமாகி, உழவே முடியாத நிலைக்குப் போயின.

வீடு கட்டுபவருக்கு நிலம் உறைந்தே இருக்க வேண்டும். தோட்டம் போடுபவருக்கு அது சூடேற வேண்டும். ஒரே மனையில் இரண்டையும் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் கட்டடங்களை ஆழமாக இறக்கிய தூண்கள்மீது எழுப்பி, அடியில் குளிர்காற்று புகுந்து செல்ல இடைவெளி விடுகிறார்கள். வீட்டின் வெப்பம் மண்ணுக்குப் போகாமலிருப்பதே நோக்கம். தோட்டக்காரர்கள் வேறு மண் கொட்டி உயர்த்திய பாத்திகளில் பயிரிடுகிறார்கள். வேருக்குச் சற்று வெப்பமும் கிடைக்கிறது, கீழே பனிக்கட்டி தடுப்பதால் வடியாமல் தேங்கும் நீரிலிருந்து பயிரும் தப்புகிறது. சூடேற்றிய பசுமைக்குடிலை வீட்டை ஒட்டி அமைப்பது மட்டும் வினையை விலைக்கு வாங்குவதாகும்.

ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் தெற்கு நோக்கிய சரிவுகளில் பெரும்பாலும் உறைநிலம் இல்லை. குட்டையான கருப்பு ஸ்புரூஸ் மரங்கள் அடர்ந்த தாழ்நிலத்திலோ பெரும்பாலும் உண்டு. ஆயினும் மனை வாங்குமுன் துளையிட்டு மண் மாதிரி எடுத்து, அதில் பனிக்கட்டி எவ்வளவு என்று அளந்து பார்ப்பதே முறை. எதிர்கால விளைநிலங்கள் என்று தங்கள் கட்டுரை வண்ணமிட்டுக் காட்டிய வரைபடத்தில் அந்த அளவு இடம்பெறவில்லை. அடுத்த முறை அதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்