போத்தல் கட்டணத்தை முன்னரே எழுதி வையுங்கள்: கொழும்பு உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வைன் போத்தலைக் கையோடு கொண்டுவந்து சாப்பிடும் வழக்கம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைக் கடைகளில் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மதுபான உரிமம் எடுக்க ஆகும் செலவும், பள்ளிக்கூடமும் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் எங்கள் தெருக்களில் அது கிடைப்பதில் உள்ள சிக்கலும் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் நீங்கள் சமைக்கிறீர்கள், நாங்கள் போத்தலோடு வருகிறோம். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு நீங்கள் வாங்கும் கட்டணத்தைச் சாப்பிட்டு முடியும்வரை சொல்லாமல் வைத்திருக்கிறீர்களே, அதில்தான் குறை.

அண்மையில் அப்பாவுக்கு 70 வயது நிறைந்தது. குடும்பமாக ஒரு கடைக்குப் போனோம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஒரு கடையோடு முடிகிற பிரச்சினை இல்லை இது. மெல்பேர்னில் இருந்து வந்திருந்த அண்ணா ஷிராஸ் என்ற சிவப்பு வைன் போத்தல் ஒன்று கொண்டுவந்திருந்தார். முதல் நாளே தொலைபேசியில் கேட்டேன். "கொண்டு வாங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்கள். அதற்குக் காசு எடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது.

அன்றைய சாப்பாடு தன் செலவு என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மெனுவை முன்கூட்டியே பார்த்து, நண்டுக் கறி எத்தனை, பிட்டு எத்தனை என்று கணக்குப் போட்டு, 10 வீதச் சேவைக் கட்டணத்தையும் 18 வீத வற் வரியையும் கூட்டி, ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த காசை ஒரு கடித உறையில் வைத்து எடுத்து வந்திருந்தார். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர், கணக்கில் பிழை விடமாட்டார். ஆனால் பில்லில் அவர் கணக்கில் இல்லாத ஒரு தொகை இருந்தது. "கோர்க்கேஜ்", அதாவது கொண்டுவந்த போத்தலுக்கான கட்டணம், ஆளுக்கு இவ்வளவு, மேசையில் இருந்த எல்லாருக்கும். தேசிக்காய்ச் சாறு குடித்த அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் போட்டிருந்தார்கள். 11 வயது மருமகனுக்கும் போட்டிருந்தார்கள்.

அப்பா உறையில் இருந்த காசைத் திரும்பவும் எண்ணிப் பார்த்தார். போதவில்லை. அண்ணா பேசாமல் கார்டை நீட்டினார். வெயிட்டரிடம் கேட்க நான் வாயெடுத்ததும், "விடு பிள்ளை, ஆக்கள் பாக்கினம்" என்று அப்பா தடுத்துவிட்டார். அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பது அவருக்குக் காசு போவதைவிடப் பெரிய அவமானம். பிள்ளைகளுக்கு ஒரு நாள் தன் கையால் சாப்பாடு வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்ட மனிதர், வீடு வந்து சேரும்வரை ஒரு சொல் கதைக்கவில்லை.

அந்தத் தொகை வாசலிலோ மெனுவிலோ எழுதியிருந்தால் அப்பா அதையும் கணக்கில் சேர்த்திருப்பார். இல்லாவிட்டால் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்போம். தயவுசெய்து எழுதி வையுங்கள்.

கட்டணமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிளாஸ் தருகிறீர்கள், கழுவுகிறீர்கள், உடைந்தால் நட்டம் உங்களுக்கு. கொழும்பு வெக்கையில் சிவப்பு வைனைக்கூடக் கொஞ்ச நேரம் ஐஸில் வைத்துத்தான் குடிக்க வேண்டும், அந்த ஐஸும் உங்களுடையது. நாங்கள் போத்தலோடு வருவதால் உங்கள் பானங்கள் விற்பதும் குறைகிறது. இதற்கெல்லாம் காசு கேட்பது நியாயம். ஆனால் 750 மில்லிலீற்றர் போத்தலில் 150 மில்லிலீற்றர் வீதம் ஊற்றினால் ஐந்து கிளாஸ்தான் வரும். திறப்பதும் குளிரவைப்பதும் போத்தலுக்கு ஆகும் வேலை. குடிக்காத கிழவிக்கும் சின்னப் பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது எந்தக் கணக்கு?

போத்தலோடு வருபவர்கள் எல்லாரும் மலிவாகக் குடிக்க வருகிறவர்கள் என்று எண்ண வேண்டாம். உறைப்பான நண்டுக் கறியோடு துவர்ப்புக் கூடிய சிவப்பு வைன் குடித்தால் நாக்கு இன்னும் எரியும். ரீஸ்லிங் மாதிரிச் சற்று இனிப்பான வெள்ளை வைன் அந்த உறைப்பை ஆற்றும். உங்கள் கறியை மனதில் வைத்து இப்படித் தேடி எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். இறக்குமதி வரியெல்லாம் ஏறியபின் ஒரு வைன் போத்தல் இங்கே என்ன விலை விற்கிறது என்றும் உங்களுக்குத் தெரியும். நியூசிலாந்தில் 1976இலேயே போத்தல் கொண்டுவரும் இந்த வழக்கத்துக்கென்று உணவகங்களுக்குத் தனி உரிமம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மெல்பேர்னில் தான் சாப்பிடப் போகும் சின்னச் சின்னக் கடைகளிலும் போத்தலுக்கு இவ்வளவு என்று மெனுவின் அடியில் அச்சிட்டிருக்கும் என்கிறார் அண்ணா.

இங்கே எல்லாமே வாய்ச்சொல்லில் நடக்கிறது. ஒரு கடையில் போத்தலைப் பையோடு மேசைக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஆண்களுக்கு முன்னால் மட்டும் கிளாஸ் வைத்துவிட்டு, என்னையும் அண்ணியையும் பார்த்து "உங்களுக்கு சோடாவா?" என்று கேட்கிறார்கள். பெண்கள் மதுபானம் வாங்குவதற்கு இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெறச் சொல்லி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவிட்டார். சம்பாதிக்கிற, வரி கட்டுகிற பெண்ணுக்கு இந்த நாடு தருகிற மரியாதை அவ்வளவுதான். அதே பார்வை சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிடும்போது கோபம் வருகிறது. அந்தச் சட்டத்தை நீங்கள் போடவில்லை, தெரியும். அதற்கான கோபத்தை உங்கள்மேல் இறக்குவது முறையில்லை. உங்களால் செய்யக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

கொண்டுவரலாமா, கூடாதா என்பதை எழுதுங்கள். கூடாது என்றால் நாங்கள் மனம் நோகப் போவதில்லை; ஹலால் கடைகளும் சைவக் கடைகளும் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன, நாங்களும் மதித்து நடக்கிறோம். போயா நாளில் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். கொண்டுவரலாம் என்றால் போத்தலுக்கு எவ்வளவு, அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் சேருமா என்பதையும் எழுதுங்கள். தொலைபேசியை எடுப்பவருக்கும் அதே தொகையைச் சொல்லப் பழக்குங்கள். விற்கும் பொருளின் விலையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுமாறு நண்பர்கள் சொன்னார்கள். நான் அழைக்கவில்லை. எங்கள் தெருக் கடைகளோடு முறைப்பாட்டில் அல்ல, பேச்சில் முடிக்கவே விரும்புகிறேன்.

டிசம்பரில் வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள், உங்கள் மேசைகளும் நிரம்பிவிடும். அதற்கு முன் இந்த ஒரு வரியை மெனுவில் சேர்த்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி